கியர்பாக்ஸுக்கு வைத்த பொட்டு

கியர்பாக்ஸ் வீட்டுக்குள் வந்த அன்று மாரீஸ்வரி சண்டை போடவில்லை. மும்பை தாராவியில், கல்லி என்று சொல்லும் அந்தச் சந்துக்கு அதுவே பெரிய செய்தி. பக்கத்துக் கோலியில், அந்த ஒற்றை அறை வீட்டில், இருக்கிறவள் வாசலில் ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாகக் கொட்டினாலே தொண்ணூறடி ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி பேசக்கூடியவள் அவள். அப்பேர்ப்பட்டவள், காலையில்தான் துடைத்த தரையில் இரண்டு ஆம்பிளைகள் ஒரு அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கியபோது, "கால் பாத்து, கால் பாத்து" என்று மட்டும் சொன்னாள். பழைய கியர் ஆயிலின் நாற்றம் குடலைப் பிடுங்கியது. அதற்கும் அவள் மூக்கைப் பொத்தவில்லை.

ஒரு ஆம்பிளை அவள் புருஷன் பேச்சிராஜா. இன்னொருவர் சலாவுதீன். இந்தக் கல்லியில் தைக்கிற தோல் பைகளைத் தன் பழைய வேனில் ஏற்றி ஊர் முழுக்க உள்ள கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். மூட்டைக்குள் இருந்தது அந்த வேனின் கியர்பாக்ஸ்தான்.

மாரீஸ்வரி ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், இரண்டு வருஷமாக அவள் காத்துக்கிடந்தது இதற்காகத்தான்.

பேச்சிராஜா பதினைந்து வருஷம் சயான் பக்கம் ஒரு கேரேஜில் மெக்கானிக். கியர்பாக்ஸ் என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி அவன் பிரித்துப் பூட்டிக் கொடுத்த ஒரு கார், லோனாவலா மலையேறும்போது ஆயிலெல்லாம் ஒழுகி நடுரோட்டில் இறுகி நின்றுவிட்டது. கார்க்காரர் வந்து குதித்தார். கேரேஜ் முதலாளி எல்லார் முன்னாலும் பேச்சிராஜாவைக் காட்டி, "இவன்தான் பூட்டினான்" என்றார். பேச்சிராஜா ஒன்றே ஒன்றுதான் கேட்டான், "சேட், நானே பிரிச்சுப் பாக்கேன்." விடவில்லை. கார் வேறு கேரேஜுக்குப் போனது, பேச்சிராஜா வீட்டுக்கு வந்தான். டூல்ஸ் பெட்டியைப் பரணில் ஏற்றினான். அடுத்த வாரம் கரீம் பாட்சாவின் பழைய பேப்பர் குடோனில் கட்டு எடை போடுகிற வேலைக்குச் சேர்ந்தான்.

அதோடு அவன் ஸ்பானரைக் கையால் தொடவில்லை. கல்லிக்காரர்கள் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தால், "மறந்து போச்சுண்ணே" என்பான். பதினைந்து வருஷம் பார்த்த வேலை எந்த மடையனுக்கு மறக்கும்? மறக்கவில்லை, பயம். தான்தான் தப்பு செய்தோமா, இல்லையா என்பது அவனுக்கே தெரியாது. தெரியாமலே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. மகள் பாளையங்கோட்டையில் நர்ஸிங் படிக்கப் போனபிறகு கோலியில் இரண்டே பேர்தான். அதில் ஒருத்தர் இப்படி உம்மென்று உட்கார்ந்திருந்தால் மற்றவர் எத்தனை நாளைக்குத்தான் சுவரோடு பேசுவது?

சலாவுதீன் வந்து வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது போன ஞாயிற்றுக்கிழமை. வேனின் கியர்பாக்ஸ் ஒழுகுகிறது, மூன்றாவது கியர் போட்டால் உறுமுகிறது, தசரா தீபாவளி நெருக்கடியில் எந்த கேரேஜும் பதினைந்து நாளைக்கு முன்னால் தொடமாட்டேன் என்கிறது.

"நீ பாக்கலேன்னா வண்டிய அப்படியே கரீம் பாட்சா தராசுல ஏத்தி எடைக்குப் போட்டுட்டுப் போறேன், மாப்ள" என்றார். "அவரு கூட வேண்டாம்னு சொல்லிருவாரு. பேப்பர்தான் எடுப்பாரு."

பேச்சிராஜா பரணில் இருந்த டூல்ஸ் பெட்டியை அண்ணாந்து பார்த்தான். பிறகு, "சும்மா பிரிச்சுப் பாக்கேன் பாய். சரியா வரலேன்னா என்னையச் சொல்லக் கூடாது" என்றான். மாரீஸ்வரி அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டாள். சிரிப்பதை அவன் பார்த்துவிட்டால் மனசு மாறிவிடுவானோ என்று பயம்.

வேனை கரீம் பாட்சா குடோன் முற்றத்தில் நிறுத்திக்கொள்ள அவரே சொல்லிவிட்டார். ஆனால் அங்கே பேப்பர் தூசி எந்நேரமும் பறக்கும். திறந்த பல்சக்கரத்தில் தூசி விழுந்தால் கதை முடிந்தது. அதனால்தான் கியர்பாக்ஸை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தது.

தினமும் குடோனுக்குப் போகுமுன் காலையில் இரண்டு மணி நேரம் வேலை. அலுமினிய ஓடு இரண்டு பாதியாகப் பிரிந்தது. உள்ளே இருந்த சக்கரங்களை அவன் ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய வரிசை மாறாமல் சுவரோரம் அடுக்கினான். சின்னச் சின்ன குண்டும் ஸ்ப்ரிங்கும் உருண்டு போகாமல் இருக்க மாரீஸ்வரி தன் இட்லித் தட்டைக் கொடுத்தாள். குழிக்கு ஒன்றாக அவை கச்சிதமாக உட்கார்ந்தன.

"இனிமே இதுல இட்லி ஊத்த முடியாது, தெரியும்லா?" என்றான்.

"ஒரு வாரத்துக்கு தோசை தின்னாப் போச்சு" என்றாள்.

ஒரு பேரிங் தேய்ந்திருந்தது. மூன்றாவது கியரின் பித்தளை வளையத்தில் பல்லே இல்லை. ஆயிலைத் தடுக்கிற ரப்பர் சீல்கள் எல்லாம் கட்டை போல இறுகிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் காட்டி அவளுக்கு விளக்கினான். அவளுக்குப் பாதி புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினாள். அவன் இவ்வளவு பேசி எத்தனை காலம் ஆகிவிட்டது!

புதன்கிழமை ஆயுத பூஜை. பேச்சிராஜா பேரிங்கும் சீலும் வாங்க குர்லாவுக்குப் போயிருந்தான். போன வருஷம் இந்த நாளில் அந்தக் கோலியில் பூஜைக்கு வைக்க அரிவாள்மணையும் கத்திரிக்கோலும் தவிர ஒன்றும் இல்லை. இந்த வருஷம் பாருங்கள்! ஸ்பானர் செட், சுத்தியல், ஜாக், இட்லித் தட்டோடு குண்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே மின்னுகிற அலுமினிய ஓடு இரண்டு. மாரீஸ்வரி குளித்து, ஈரத் தலையோடு உட்கார்ந்து, சந்தனம் குழைத்து ஒன்று விடாமல் பொட்டு வைத்தாள். நடுவில் குங்குமம் வைத்தாள். ஓட்டுக்கு எங்கே வைப்பது என்று பார்த்தபோது, மற்ற இடமெல்லாம் சொரசொரப்பாக இருக்க, இரண்டு பாதியும் ஒன்றோடொன்று சேருகிற விளிம்பு மட்டும் சமமாக, துடைத்து வைத்த கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தது. நல்ல இடம் என்று நினைத்து அங்கே மூன்று பொட்டு வைத்தாள். சூடம் காட்டி, "தாயே, இவுக கைய இவுகளுக்கே திருப்பிக் குடு" என்று கும்பிட்டாள்.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் அவன் வேலையில் உட்காருமுன் அவளே ஓட்டு விளிம்பிலிருந்த குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தாள். சிவப்பைப் பார்த்தால் கத்துவான். ஆனால் சாமிக்கு வைத்த பொட்டை அடியோடு அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. சந்தனம் லேசாக, அந்த அலுமினியத்தின் நிறத்தோடு நிறமாகக் காய்ந்து கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பேச்சிராஜா உற்சாகத்தில் இருந்தான். துணியால் விளிம்பை ஒரு சுற்றுத் துடைத்தான், ஒழுகாமல் ஒட்டிப் பிடிக்கிற சிலிகான் பேஸ்டைத் தடவினான், இரண்டு பாதியையும் மூடி, போல்ட்டுகளை முறுக்கினான். மூன்று பொட்டில் இரண்டு அந்தத் துடைப்பில் போய்விட்டன. மூலையில், போல்ட் ஓட்டையை ஒட்டி வைத்த மூன்றாவது பொட்டு போகவில்லை.

வெள்ளிக்கிழமை வேனில் மாட்டி, ஆயில் ஊற்றி, சலாவுதீன் செம்பூர் வரை ஓட்டிவிட்டு வந்தார். மூன்றாவது கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது என்று கல்லி முழுக்கச் சொன்னார். முற்றத்தில் வேனுக்கு அடியில் ஒரு புது அட்டையை விரித்து வைத்தார்கள். சனிக்கிழமை காலை மாரீஸ்வரி ஆம்பிளைகள் இரண்டு பேருக்கும் டீ எடுத்துக்கொண்டு போனபோது, பேச்சிராஜாவின் கால் இரண்டும் வேனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்.

அவன் ஊர்ந்து வெளியே வந்தான்.

"ஒழுகுது" என்றான்.

"சீலு புதுசுல்லா மாப்ள?" என்றார் சலாவுதீன்.

"சீல்ல இல்ல பாய். ஜாயின்ட்ல. இடது மூலை, போல்ட்டுக்குப் பக்கத்துல. சுத்தமாத் தொடச்சேன், பேஸ்ட் போட்டேன். ஒழுகுது." கைகளைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். "எங் கைதான் சரியில்ல. அன்னைக்கும் இதான் நடந்திருக்கு. நீங்க வேற எடத்துல குடுத்துருங்க."

"ஒரு தடவ தெறந்து பாத்தா என்ன?"

"வேண்டாம் பாய். விட்டுருங்க."

சலாவுதீன் மாரீஸ்வரியைப் பார்த்தார். பிறகு, விக்ரோலியில் தன் மச்சானுக்குத் தெரிந்த கேரேஜ் ஒன்று இருக்கிறது, திங்கட்கிழமை கட்டி இழுத்துக்கொண்டு போகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லாததுதான் பேச்சிராஜாவுக்குத் தாங்கவில்லை. டீயைத் தொடாமல் உள்ளே போய் பேப்பர் கட்டைத் தராசில் ஏற்றினான்.

இடது மூலை, போல்ட்டுக்குப் பக்கத்தில். மாரீஸ்வரி மூன்றாவது பொட்டை வைத்தது அங்கேதான்.

வீடு வரும்வரை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடலை அளவு பொட்டு. அதுவும் சாமி சந்தனம். அதனால் போய் எண்ணெய் ஒழுகுமா? ஆனால் இந்தச் சமாதானம் அவளிடமே எடுபடவில்லை. ஏனென்றால் அவள் வேலையே ஒட்டுகிற வேலை. பை பட்டறையில் தோலுக்குச் சொல்யூஷன் தடவி ஒட்டுவதில் பத்து வருஷ அனுபவம். தோலில் முகப்பவுடர் அளவு தூசி இருந்தாலும் சொல்யூஷன் தோலைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். இரண்டு நாளில் வாயைப் பிளந்துகொள்ளும். புதிதாக வருகிற பெண்களை இதற்காக அவள் திட்டாத திட்டில்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. விக்ரோலி கேரேஜ்காரன் பிரித்துத் துடைத்துப் பூட்டிவிடுவான். சொன்னால்? இரண்டு வருஷம் கழித்து எடுத்த வேலையை நீயே கெடுத்தாயா என்று கேட்பான். கேட்கட்டும். அடிக்க வந்தாலும் வரட்டும். ஆனால் தன் கைதான் சரியில்லை என்று அவன் நம்பிக்கொண்டே சாகக்கூடாது. பட்டறைக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்து, மத்தியானம் அவன் சாப்பிட வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தான். சோற்றைப் பிசைந்தான், தின்னவில்லை.

"ஏங்க, அந்த மூலையில நான் பொட்டு வச்சேன்."

"எந்த மூலையில?"

"கியர்பாக்ஸ்ல. ஆயுத பூஜை அன்னைக்கு."

அவன் விழித்தான். அவள் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள், நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று. "குங்குமத்தத் தொடச்சிட்டேன். சந்தனத்த விட்டுட்டேன். சாமிக்கு வச்ச பொட்ட முழுசா அழிக்கக் கூடாதுல்லா? அதுக்கு மேலதான் நீங்க பேஸ்ட் போட்டிய. பேஸ்ட் சந்தனத்தப் பிடிச்சிருக்கு, இரும்பப் பிடிக்கல. உங்க கையி ஒண்ணும் பண்ணல. நாந்தான்."

அவன் கத்துவான் என்று தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அவன் கத்தவில்லை. சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "இதான் ஓடுன்னு வையி. எந்த எடத்துல வச்ச? வெரல வச்சுக் காட்டு" என்றான்.

அவள் தட்டின் விளிம்பில் மூன்று இடத்தைத் தொட்டாள். மூன்றாவது இடத்தில் அவன் தன் விரலையும் வைத்துப் பார்த்தான். பிறகு கையைக்கூடக் கழுவாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "பாய எங்க பாத்த?" என்று கேட்டபடியே ஓடினான்.

ஒரு மணி நேரத்தில் கியர்பாக்ஸ் மறுபடியும் கல்லிக்குள் ஊர்வலம் வந்தது. முன்னால் சலாவுதீன், பின்னால் பேச்சிராஜா, அவர்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கப் பாதிக் கல்லி. தரையில் வைத்து போல்ட்டுகளைக் கழற்றினான். ஓடு பிரிந்தது. சாம்பல் நிற பேஸ்ட் சுற்றிலும் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்திருந்தது, நகத்தால் கீறினாலும் வரவில்லை. இடது மூலையில் மட்டும் தானாக உரிந்து வந்தது. உரிந்த இடத்தில் எண்ணெய் ஊறி மஞ்சளாக, பொட்டுக்கடலை அளவு.

பேச்சிராஜா நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனான். இத்தனை கியர் ஆயில் நாற்றத்துக்கு நடுவிலும் மணத்தது.

"சந்தனம்" என்றான்.

சிரித்தான். முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம். பிறகு சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சலாவுதீனும் சேர்ந்துகொண்டார். "இருவது வருசமா வண்டி ஓட்டுதேன். பூஜை போட்டு ஒழுகின கியர்பாக்ஸ இப்பத்தான் பாக்கேன்" என்றார்.

"சிரிக்காதிய" என்றாள் மாரீஸ்வரி. அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "ஒரு பொம்பளை உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கேன், ரெண்டு பேரும் பல்லக் காட்டுதிய!"

"ஏட்டி, ஸ்பானருக்கு வையி, ஜாக்குக்கு வையி, பாய்க்கு வேணும்னாலும் வையி. ஜாயின்ட்ல மட்டும் வைக்காத தாயி" என்றான் பேச்சிராஜா.

பழைய பேஸ்டையெல்லாம் சுரண்டி எடுத்து, விளிம்பு இரண்டையும் பெட்ரோல் துணியால் துடைத்தான். பேஸ்ட் ட்யூபை எடுத்தபோது மாரீஸ்வரி அவன் தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

"நவுருங்க. ஒட்டுறது என் வேலை."

மறுபடியும் ஒரு தடவை, புதுத் துணியால், போல்ட் ஓட்டை ஓட்டையாக அவள் துடைத்தாள். துணியைத் திருப்பிப் பார்த்தாள். கறை இல்லை. ட்யூபை ஒரே அழுத்தாக அழுத்தி, கையை எடுக்காமல், தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்வரை ஒரு நூல் பிசகாமல் கோடு இழுத்தாள். கல்லிப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பேச்சிராஜா ஓட்டின் மேல்பாதியைத் தூக்கி நேராக வைத்து, எதிரெதிர் மூலையாக போல்ட்டுகளை முறுக்கினான்.

ஞாயிறு மாட்டினார்கள். திங்கட்கிழமை சலாவுதீன் வேன் முட்டப் பைகளை ஏற்றிக்கொண்டு வாஷி வரை போய்வந்தார். வந்ததும் புது அட்டையை விரித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை மூன்று பேரும் டீயைக் குடித்துவிட்டு முற்றத்தில் நின்றார்கள். யார் குனிவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மாரீஸ்வரிதான் மண்டியிட்டு அட்டையை இழுத்தாள். புரட்டியும் பார்த்தாள், அடியில் ஒழுகியிருக்குமோ என்று. அட்டை கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சலாவுதீன் பேச்சிராஜாவைக் கட்டிப்பிடித்தார். வேனைக் கிளப்பிக்கொண்டு, முற்றத்தைத் தாண்டுமுன் தேவையே இல்லாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் மாரீஸ்வரிக்கு அது தோன்றியது. "ஏங்க, அந்த லோனாவலா காரும் தசரா சமயத்துலதான? உங்க கேரேஜ்லயும் பூஜை போடுவாவள்லா? அங்கயும் யாராச்சும் இப்பிடி வச்சிருப்பாவளோ?"

பேச்சிராஜா யோசித்தான். அவன் ஆமாம் என்று சொல்லிவிடவேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

"வச்சிருக்கலாம்" என்றான். "நான் ஒரு போல்ட்ட சரியா முறுக்காமலும் விட்டிருக்கலாம். தெரியல மாரி. இனிமே தெரியவும் செய்யாது." வேன் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சனிக்கிழமை காலையிலயும் எனக்குத் தெரியாமத்தான இருந்துச்சு? தெறந்தேன், தெரிஞ்சுது. ஒழுகினா திரும்பவும் தெறக்கணும். அவ்வளவுதான் எங்க வேலை. ஒரு தடவகூட ஒழுகவே கூடாதுன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு வருசம் இந்த பேப்பரத் தூக்கிக்கிட்டுக் கெடந்திருக்கேன் பாரு."

குடோன் கதவைத் திறந்துகொண்டு கரீம் பாட்சா வந்தார். நல்ல மனுஷர். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, லாரி பத்து மணிக்கு வந்துவிடும், முதல் வரிசைக் கட்டுகளை இறக்கி வைக்கும்படி பேச்சிராஜாவிடம் சொன்னார்.

"இறக்கிருதேன் மொதலாளி" என்றான் பேச்சிராஜா. "அடுத்த மாசத்துல இருந்து தராசுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

மாரீஸ்வரி திடுக்கிட்டுத் திரும்பினாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு நாளாக இருந்தால் தொண்ணூறடி ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அன்று அவள் காலி டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு பேசாமல் நின்றாள்.

"ஏன்யா, இங்க என்ன கொறை உனக்கு?" என்றார் கரீம் பாட்சா.

"கொறை ஒண்ணும் இல்ல மொதலாளி. நான் மெக்கானிக்."